உன் டிவியில் எரிந்த லைட்டு

என் அம்மாவுக்கு, என் ஆரோக்கியமேரிக்கு, உன் ஒரே பெண் எழுதுவது.

முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள் நீ. 'பொருள்' என்று ஒரு வரி இல்லாமல் கடிதம் தொடங்கினால் உனக்குப் பிடிக்காது. ஆகவே போட்டுவிடுகிறேன். பொருள்: மன்னிப்பு கேட்பது தொடர்பாக. பார்வை: ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எனக்கு அனுப்பிய செய்திகள். அவற்றில் ஒன்றுகூட இப்போது கைவசம் இல்லை.

பங்குக் கோயில் பத்திரிகையில் கல்லறைத் திருநாள் மாத இதழுக்காக உன் படமும் கீழே நான்கு வரியும் கேட்டார்கள். நான்கு வரியில் என்ன எழுத? 'அன்பே உருவானவர்' என்று எழுதினால் நீயே சிரிப்பாய். உனக்கு அன்பும் இருந்தது, வாயும் இருந்தது. அதனால் இந்த நீளக் கடிதம். ஊரே படிக்கட்டும். நான் செய்தது உனக்கும் லூர்து சித்திக்கும் மட்டுமே தெரிந்திருந்தது என்பது எனக்கே இந்த வாரம்தான் தெரிந்தது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும், படிப்பவர்களுக்காக. நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடம், 2006 என்று நினைவு, நான் சிதம்பரத்தில் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன். பெண்கள் விடுதியில் தங்கல். கடலூர் முதுநகருக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் வாராவாரம் வரச் சொல்லி நீ போனில் பிடிக்கும் பிடி எனக்குத் தாங்கவில்லை. வந்தால் மாப்பிள்ளைப் பேச்சு. வராவிட்டால், 'எனக்கென்ன, நான் கெடக்கிறேன்' என்ற பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் கேபிள்காரர் செல்வம் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். "கம்ப்யூட்டர் எதுக்கும்மா? ஒங்க டிவியே கம்ப்யூட்டர்தான். இந்தப் பொட்டியச் சொருவுனா நெட்டு வந்துடும். மகளோட சாட் பண்ணலாம்." கூடவே ஒரு கீபோர்டு, மடியில் வைத்துக்கொள்ள. நான்தான் சரி என்றேன். உனக்குத் துணைக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் அம்மா. நான் வராமல் இருப்பதற்காகத்தான் அதை வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். படம் வராது, சத்தம் வராது, தமிழ் எழுத்து வராது. திரையில் பத்து வரிக்கு மேல் நிற்காது. பதினொன்றாவது வரி வந்தால் முதல் வரி போய்விடும், போனது போனதுதான். பெட்டி ஓடும்போது சேனல் எதுவும் பார்க்க முடியாது. யாராவது ரிமோட்டைத் தொட்டு சேனல் மாற்றினால் நெட் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நீயோ தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினவள். உன் விரல் வேகத்துக்கு அந்தப் பெட்டி ஈடுகொடுக்கவில்லை. முழு வாக்கியத்தையும் தட்டி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயாம். எழுத்துகள் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக வருமாம்.

முதல் வாரமே நீ பொது அரட்டை அறைக்குள் போய்விட்டாய். தமிழில் பேசுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்று செல்வம் சொல்லியிருக்கிறார். உள்ளே போனதும் எல்லோரும் கேட்கிற கேள்வியை உன்னிடமும் கேட்டார்கள்: வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர். நீ ஆபீஸ் விண்ணப்பம் நிரப்புவதுபோல் பதில் போட்டாய். வயது ஐம்பத்தொன்பது, பெண், விதவை, கடலூர் முதுநகர், ஓய்வு பெற்ற தட்டச்சர், இப்படிக்கு ஆரோக்கியமேரி. அறையே காலியாகிவிட்டது. "கேட்டதுக்குத்தானேடி பதில் சொன்னேன். எதுக்கு எல்லாம் ஓடுதுங்க?" என்று போனில் கேட்டாய். நான் விடுதி வராந்தாவில் நின்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பேச ஆள் தேடித்தான் போயிருக்கிறாய்.

அதன்பிறகு உன் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான். என் பெயர். நான் உள்ளே வந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். நீ அதை 'லைட்டு' என்பாய்.

ஞாயிறு நாலு மணி நம் நேரம். நான் தெற்கு வீதியில் இருந்த பிரவுசிங் சென்டரில் மூலை நாற்காலியைப் பிடித்துவிடுவேன். நீ ஹாலில். உன் செய்தி எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ், அதுவும் பெரிய எழுத்தில்தான் வரும். "அம்மா, பெரிய எழுத்துல அடிச்சா கத்துற மாதிரி இருக்கும்" என்றால், "சின்ன எழுத்து டிவியில எனக்குத் தெரியலடி" என்பாய். ஒவ்வொரு செய்திக்குக் கீழும் 'இப்படிக்கு, அம்மா'. சாப்டியா என்று கேட்டாலும் இப்படிக்கு, அம்மா. சரி என்ற ஒரே சொல்லுக்கும் இப்படிக்கு, அம்மா. வேறு யார் எனக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டேன். "கையெழுத்து இல்லாத கடுதாசி மொட்டைக் கடுதாசிடி" என்றாய்.

லூர்து சித்திதான் பாவம். பின்கட்டில் தனியாக இருந்தவளுக்கு ஞாயிறு சாயங்காலப் படம் ஒன்றுதான் பொழுதுபோக்கு. உன் டிவியில் வந்து பார்ப்பாள். நாலு மணிக்குப் பெட்டி வந்ததும் படம் போயிற்று. "நாட்டுல எல்லாரு டிவியிலயும் படம் ஓடுது. ஒங்கம்மா டிவியில மட்டும் ஒண்ணுமே ஓடல" என்று ஒருமுறை போனில் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

முதல் ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவர் வந்தார். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. ஷார்ஜாவில் வேலை பார்த்த ஒருவர், அரட்டையில் பழக்கம். நல்லவர் போலத்தான் பேசினார். அவருக்கும் ஞாயிறு நாலு மணிதான் வசதிப்பட்டது. உன்னிடம் நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பாயே என்று பயம். அப்போதுதான் அந்த வசதியைக் கண்டுபிடித்தேன். உள்ளே இருந்துகொண்டே இல்லாததுபோல் காட்டும் வசதி. ஒரு இடத்தில் டிக் அடித்தால் போதும், நாம் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. நமக்கு வருகிற செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கும். அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மறைந்துகொண்டேன்.

நாலு மணிக்கு உன் செய்தி வரும். "வந்தியா? இப்படிக்கு, அம்மா." நான் பதில் போடமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ வேலையா இரு. நான் இருக்கேன். இப்படிக்கு, அம்மா." திரையின் மூலையில் அதைப் பார்ப்பேன். நீ காலி அறையில் எழுதிப் போட்டுவிட்டுப் போகிறாய், நான் வந்ததும் படிக்கட்டும் என்று, அப்படித்தான் நினைத்தேன். ஷார்ஜாக்காரர் போனபிறகு, ஐந்தரை மணி வாக்கில், டிக்கை எடுத்துவிட்டு எழுதுவேன்: "அம்மா, இப்பதான் வந்தேன். சென்டர்ல செம கூட்டம்."

உடனே பதில் வரும். "சரிம்மா. சாப்டியா? இப்படிக்கு, அம்மா."

ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக இதைச் செய்தேன். ஒருநாள் நீ போனில், "ஞாயித்துக்கெழமல ரொம்ப நேரம் அந்த சென்டர்லயே ஒக்காராதடி. கண்ணு கெட்டுடும்" என்றாய். நான் ஐந்தரைக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறவள்தானே உன் கணக்கில்? ரொம்ப நேரம் என்று உனக்கு எப்படித் தெரியும்? அப்போது ஒரு நொடி நெருடியது. விட்டுவிட்டேன்.

கடைசி ஞாயிறையும் சொல்லிவிடுகிறேன். தவக்காலம். நீ வந்தியா என்று கேட்டாய். வேலையா இரு என்றாய். அன்று ஷார்ஜாக்காரரோடு எனக்குச் சண்டை. அவர் வீட்டில் பெண் பார்த்துவிட்டார்களாம், அதைச் சொல்ல அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். 'இப்பதான் வந்தேன்' என்ற பொய்யைக்கூட அன்று உன்னிடம் சொல்லவில்லை. புதன்கிழமை காலை நீ துணி காயப்போட்டுவிட்டு, தலை சுற்றுகிறது என்று சித்தியிடம் சொல்லிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது ஹாலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் டிவி, அதன் மேல் அந்தப் பெட்டி, அதன் மேல் நீ பின்னிப்போட்ட நூல் விரிப்பு.

மூன்றரை வருடமாயிற்று. வெளியே இருந்து பார்த்தால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதே பள்ளி, இப்போது பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறேன். கல்யாணம் இல்லை. கேட்க நீ இல்லாததால் யாரும் கேட்பதுமில்லை. அது இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. விடுதியை விட்டு ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து கதவைச் சாத்தினால், திங்கள் காலை வகுப்பில் வாயைத் திறக்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும். ஒரு லேப்டாப் இருக்கிறது. அதில் சாட்டுக்குள் போவேன், யாரோடும் பேசமாட்டேன். எங்கள் தலைமையாசிரியை அதிலும் வந்து வேலை சொல்வார். அதனால் அதே பழைய டிக். எப்போதும் இல்லாததுபோலவே இருப்பேன்.

சித்தி மாதம் ஒருமுறை போன் பண்ணுவாள். போன வருடக் கடைசியில் புயல் வந்ததே, நம் முருங்கை மரம் வேரோடு சாய்ந்தது, சித்தி வீட்டு ஓடு பறந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, கேபிள் இல்லை. அந்த நிலைமையில் யார் வீட்டுப் போனிலிருந்தோ கூப்பிட்டு, "ஒனக்கு ஒண்ணுமில்லியே சகாயம்? நல்லா இருக்கியா?" என்கிறாள். "புயல் அடிச்சது ஒங்களுக்கு சித்தி. எனக்கென்ன?" என்று சிரித்தேன். அதற்கு முன்பும் ஒருமுறை, "போன வாரம் எங்கனா ஊருக்குப் போயிருந்தியா?" என்று கேட்டாள். ஆமாம், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தேன். உன் சிலுவைக்கு வெள்ளை அடிக்க ஆள் பார்த்துவிட்டு வந்து, ஹாலில் லேப்டாப்பைத் திறந்து, ஓரமாகச் சாட்டும் ஓட, வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். சித்தி வந்தாள். முட்டி வலி அவளுக்கு இப்போது ஜாஸ்தி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

"செல்வம் வந்தாருடி. கேபிள்லாம் மாறுதாம். பழைய பொட்டி இனிமே ஓடாதாம், வர்ற திங்கக்கெழம எடுத்துக்குவேன்னாரு. ஒரு தடவ போட்டுப் பாக்கறியா, அதுக்குள்ள?"

போட்டாள். அவளே போட்டாள் அம்மா. எந்தப் பொத்தான், பிறகு எது என்று கை தானாகப் போயிற்று. உன் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. நீலத் திரை வந்தது. உன் பட்டியல் வந்தது. என் பெயர் ஒன்று. அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. லேப்டாப்பைப் பார்த்தேன். மறைந்திருக்கிறேன், டிக் இருக்கிறது. உலகத்துக்கு நான் இல்லை. டிவியைப் பார்த்தேன். இருக்கிறேன். லேப்டாப்பில் சாட்டை மூடினேன். டிவியில் புள்ளி அணைந்தது. டிக்கோடு மறுபடி உள்ளே போனேன். எரிந்தது. அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு மறைவது என்றால் என்ன என்றே தெரியாது. படம் தெரியாது, சத்தம் தெரியாது, தமிழ் தெரியாது. ஆள் உள்ளே வந்தால் லைட்டு போட மட்டும் தெரியும்.

"சித்தி, இந்த லைட்டு எப்பவுமே இப்படித்தான் எரியுமா?"

"நீ இருந்தா எரியும். இல்லன்னா எரியாது." டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து பாப்பமே."

"நான் பதிலே போடமாட்டேனே சித்தி. ஒன்றர மணி நேரம் கழிச்சிதானே போடுவேன்."

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா? நான் உள்ள இருந்துகிட்டே..."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா? "தெரியாம? கண்ணு முன்னால எரியுதே. நான்கூட ஒரு நாளு கோவமா சொன்னேன். 'இருந்துகிட்டே பேச மாட்டேங்குறாளே, கேளு அக்கா அவள, எனக்குப் படமும் போச்சி'ன்னேன். அக்கா சொல்லிச்சி: 'கேட்டா லைட்ட அணைச்சிட்டுப் போயிடுவாடி. எரியட்டும் வுடு. புள்ள எங்கயோ நல்லா ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கா இல்ல, போதும்'னு."

நான் அழுததைப் பற்றி எழுதி என்ன ஆகப் போகிறது? சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் அழுத்தி.

நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அவ்வளவு வாய் உள்ளவள், வரன் விஷயத்தில் என்னை உப்புக்கண்டம் போட்டவள், இதில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்? 'இப்பதான் வந்தேன்' என்று நான் எழுதியதைப் பெரிய டிவியில் படித்துவிட்டு, பக்கத்தில் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு, எப்படி 'சாப்டியா' என்று தட்டினாய்? 'நீ வேலையா இரு' என்று எழுதியது காலி அறைக்கு இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் என்று அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையாவது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா? லைட்டு அணைந்தபோது, பதில் வராமலே அணைந்தபோது, நீ எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாய்? சித்தியிடம் இதை நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்றை மட்டும் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் பெட்டியைப் போட அவளுக்கு எப்படி மறக்கவில்லை என்று.

"வாராவாரம் போடுறவளுக்கு எப்படிடி மறக்கும்?" என்றாள். "அக்கா போனப்புறம் நான்தான் போடுறேன். எனக்கு எழுதப் படிக்கவா தெரியும், அந்த இங்கிலீசு? லைட்டு தெரியுது இல்ல. எரிஞ்சா, சகாயம் இருக்கா, நல்லா இருக்கா. டிவிய அணைச்சிட்டுப் போயிப் படுத்துக்குவேன். புயலுல கேபிள் போச்சா, ஒன்னப் பத்தித் தகவலே இல்ல. அதான் போன் பண்ணேன்."

அம்மா, நான் எந்த அறையில் யாருமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அங்கே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னை ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு யாருமில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு யாருமில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று ஞாயிறு. கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது, காற்றில் இரண்டு தடவை அணைந்தது, சித்தி சேலையால் மறைத்துக்கொண்டு நின்றாள். லீவு போட்டு இங்கேயே இருந்துவிட்டேன். மணி நாலு தாண்டிவிட்டது. லேப்டாப்பில் டிக்கை எடுத்துவிட்டேன். தலைமையாசிரியை அதற்குள் ஒரு வேலை அனுப்பிவிட்டார், போகட்டும். டிவியில் என் லைட்டு எரிகிறது. எதிரே நாற்காலியில் சித்தி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். உன் பெயருக்கு ஒரு வரி அனுப்பினேன், பெரிய எழுத்தில், சின்ன எழுத்து உனக்குத் தெரியாதே. 'அம்மா, நான் அப்பவே வந்துட்டேன்' என்று. டிவியில் அது மெதுவாக வந்தது. பத்து வரி நிற்கும் திரையில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. மேலே தள்ள வேறு வரி வரப்போவதில்லை.

நாளைக்குச் செல்வம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதன்பிறகு சித்திக்குப் பார்க்க லைட்டு கிடையாது. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வாராவாரம் என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய், அதனால் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. மதியம் சாப்பிட்டதும் பஸ் ஏறி, புதுச்சத்திரம் தாண்டி, நாலு மணிக்கு இந்த ஹாலில் இருப்பேன். டிவியில் படம் ஓடும். அவள் படம் பார்ப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வராத ஞாயிறு நாலு மணிக்குப் போன் பண்ணி ஒரே ஒரு சொல் சொல்வேன், நீ சொல்லிக்கொடுத்த சொல்தான்.

நான் இருக்கேன்.

இப்படிக்கு,
உன் மகள், லூர்து சித்திக்கும் மகள்,
சகாயம்